நேராக ஓடியே தேய்ந்த கோன் செட்

வாசகர் ஒருவரின் கேள்வி: "125 சிசி பைக் ஓட்டுகிறேன். நீண்ட பயணங்களுக்காக 650 சிசி டூரிங் பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறேன். 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 'எல்லாம் ஹைவே ஓட்டம்தான்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?"

விற்பவர் உண்மையே சொல்லியிருக்கலாம். எஞ்சினைப் பொறுத்தவரை அது நல்ல செய்தியும்கூட. நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறிய நிலையிலேயே ஓடுகிறது. ஆறிய எஞ்சினைக் கிளப்பும் தடவைகள் குறைவு, கிளட்சும் கியரும் அதிகம் உழைப்பதில்லை. ஓடோமீட்டரில் தெரியும் எண்ணை ஜாதகம் மாதிரி பார்க்கும் பழக்கத்தை நான் ஒருவகை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஆனால் எஞ்சினைக் காப்பாற்றிய அதே நேர்ச்சாலை, வண்டியின் இன்னொரு பாகத்தை, ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட் என்ற பேரிங்குகளை, சத்தமில்லாமல் தின்றிருக்கும். அங்கே போவதற்கு முன் எடையைப் பற்றிக் கொஞ்சம்.

125 சிசி வண்டி 120 கிலோ அளவில் இருக்கும். நீங்கள் பார்த்திருப்பது 220 கிலோவை ஒட்டி இருக்கும். ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், சின்ன வண்டியில் 60 கி.மீ. வேகத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 27 கிலோஜூல். பெரிய வண்டியில் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 114 கிலோஜூல். நான்கு மடங்குக்கும் மேலான இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அதனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படித்து, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். பிரேக் ஆயில் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அது நீண்ட நாளாக மாற்றப்படவில்லை என்று பொருள். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

நிற்கும்போதும் எடை வேலையைக் காட்டும். 220 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கையில் ஏறத்தாழ 20 கிலோ இறங்கும். 20 டிகிரி சாய்ந்தால் 40. டேங்கில் 20 லிட்டர் பெட்ரோல் என்றால் உச்சியில் இன்னொரு 15 கிலோ. எனவே இரண்டு பாதங்களும் உறுதியாகத் தரையில் படும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். முதல் பெரிய வண்டிக்குக் குதிரைத்திறனைவிட இது முக்கியம்.

இனி அந்தப் பாகம். ஹேண்டிலோடு சேர்ந்து முன் ஃபோர்க் திரும்பும் தண்டு, ஃபிரேமின் கழுத்துக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் கோன் செட் என்பார்கள். குண்டுகளோ கூம்பு உருளைகளோ, இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே கிரீஸில் மிதந்தபடி உருளும். சக்கர பேரிங் ஒரு நிமிடத்தில் பல நூறு சுற்று சுற்றுகிறது. கோன் செட்டோ தன் ஆயுள் முழுக்க ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை.

எவ்வளவு கொஞ்சமாக அசைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம், வளைவின் ஆரம் 300 மீட்டர் என்றால், முன் சக்கரம் திரும்ப வேண்டியது சுமார் 0.3 டிகிரி. வளையத்தின் ஆரத்தை 20 மில்லிமீட்டர் என்று கொண்டால், அதற்குள் உருளை நகரும் தூரம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர், மெல்லிய தலைமுடியின் தடிமன். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக இந்த முடியளவுக்குள்தான் உருளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அதே சமயம் சாலையின் அதிர்வு முழுவதும் அவற்றின் தலையில் இறங்குகிறது.

பேரிங் தாராளமாகச் சுழன்றால் உருளை முன்னே போகும்போதே புதுக் கிரீஸ் அடியில் வந்து சேரும். முடியளவு அசைவில் அது நடப்பதில்லை. தொடும் கோட்டிலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியேறியதோடு சரி, திரும்பி வருவதில்லை. எஃகோடு எஃகு உரசி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உதிர்கின்றன. உதிர்ந்தவை உடனே ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்புத் தூளாகின்றன. அந்தத் தூள் நல்ல கடினமானது, உப்புக் காகிதம் போலத் தேய்க்கும். தேய்மானம் தூளைப் பெருக்க, தூள் தேய்மானத்தைப் பெருக்குகிறது. கடைசியில் ஒவ்வொரு உருளைக்கும் நேர் கீழே ஒரு சிறு பள்ளம் விழுகிறது. எல்லாப் பள்ளங்களும் ஹேண்டில் நேராக இருக்கும் அதே நிலையில்! உருளைகள் தங்கள் படுக்கையைத் தாங்களே தோண்டிக்கொள்கின்றன.

இதற்கு பொய் பிரினெல் குழி என்று பெயர். உலோகத்தில் கெட்டிக் குண்டை அழுத்தி, விழும் தடத்தை அளந்து கடினத்தன்மையைச் சொல்லும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் பிரினெல்லின் பெயர் அது. வண்டி பெரிய பள்ளத்தில் மோதி வளையம் நசுங்கினால் அது மெய்யான பிரினெல் குழி. வளையத்தைக் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் குழிக்குள்ளும் மிச்சமிருக்கும். பொய்க்குழியில் உலோகமே தேய்ந்து போயிருப்பதால் அந்தக் கோடுகள் அழிந்திருக்கும். 1937இல் ஆல்மென் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்தார். புதிய கார்கள் வாடிக்கையாளர் கைக்கு வருவதற்கு முன்பே அவற்றின் சக்கர பேரிங்குகள் கெட்டிருந்தன. தூரமாக அனுப்பிய கார்களில் சேதம் அதிகம். ஓட்டாமலேயே, வழியில் குலுங்கியதில் மட்டுமே கெட்டவை அவை.

முடியளவுக் குழியால் 220 கிலோ வண்டிக்கு என்ன வந்துவிடும்? இரு சக்கர வண்டி நிமிர்ந்து நிற்பதே முடியளவுத் திருப்பங்களால்தான். வலப்பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் சற்றே வலப்பக்கம் திரும்புகிறது. டயர்கள் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் நகர்ந்து, விழப்போகும் எடைக்கு அடியில் போய் நிற்கிறது. கைவிரலில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்தும் வித்தைதான். சக்கரத்தின் சுழற்சி விசைதான் வண்டியைத் தாங்குகிறது என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். 2011இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, சுழற்சி விசையை எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களால் ரத்து செய்த ஒரு விநோத சைக்கிளைக் கட்டித் தள்ளிவிட்டது. அது ஆளில்லாமல் நிமிர்ந்தே ஓடியது. தானாக நிற்கும் எந்த சைக்கிளும் விழும் பக்கம் தன் சக்கரத்தைத் திருப்பியாக வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. சைக்கிளில் போய் என்ன ஆராய்ச்சி என்று நிதிக்குழுக்களில் கேட்பவர்கள் உண்டு. சைக்கிள் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அது ஏன் விழவில்லை என்று முழுதாகத் தெரியாமல் இருந்ததே, அந்தக் கேள்விக்குப் பணம் கொடுக்கப் போதுமான காரணம் என்பேன்.

இப்போது குழியை இதோடு பொருத்திப் பாருங்கள். வண்டி இம்மி சாய்கிறது, சக்கரம் இம்மி திரும்ப வேண்டும், ஆனால் உருளைகள் குழியில் சிக்கியிருக்கின்றன. சாய்வு கொஞ்சம் கூடியபின் குழியை விட்டுத் துள்ளி வெளியேறி, தேவைக்கு மேல் திரும்புகின்றன. உடனே எதிர்ப்பக்கம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அங்கேயும் அதே கதை. ஓட்டுபவருக்கு வண்டி பாம்பு போல நெளிவதாகத் தோன்றும். சின்ன வண்டியிலிருந்து வருபவர், "பெரிய வண்டி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது" என்று நினைத்துவிடுவார். தன் ஓட்டும் திறமையைச் சந்தேகிப்பவர்களும் உண்டு.

சோதிப்பது எளிது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். ஹேண்டிலை ஒரே விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் 'டொக்' என்று உட்காருவதுபோல் இருந்தால் குழி விழுந்துவிட்டது. அடுத்து ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. ஆட்டத்தை மறைக்க நட்டை இறுக்கிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஹேண்டில் முழுவதும் கனமாகத் திரும்பும். ஓட்டிப் பார்க்கும்போது வேகம் காட்ட வேண்டாம். ஆள் நடக்கும் வேகத்தில் நேர்க்கோட்டில் விடுங்கள், நெளிவு அங்கேதான் பச்சையாகத் தெரியும். முன் டயர் அழுத்தம் குறைந்தாலும் ஹேண்டில் கனக்கும் என்பதால் அதை முதலில் சரிபாருங்கள்.

மற்றவை வேகமாக. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஃபிரேம் கழுத்தில் பொறித்த எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். அதன் பக்கத்திலேயே ஹேண்டில் முட்டி நிற்கும் முளை நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. டயரின் பூ, அதாவது மேலுள்ள வரிப்பள்ளம், மிச்சமிருந்தாலும் வயதான ரப்பர் சாலையைப் பிடிக்காது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்புறத்தில் பிடித்து இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். பெட்டிகள் மாட்டிய வண்டி என்றால் சீட்டைக் கழற்றி, பின் சட்டத்தின் வெல்டுகளில் விரிசல் தேடுங்கள். எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்ததற்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

கோன் செட் குழிக்காக மட்டும் வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பேரிங் விலை சொற்பம், கூலிதான் அதிகம். முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், கீழ் வளையம் தண்டைப் பிடித்துக்கொண்டு எளிதில் வராது. உருளைகளை மட்டும் மாற்றிப் பழைய வளையத்தை விட்டுவைத்தால் பள்ளமும் அங்கேயே இருக்கும். மேல், கீழ் இரண்டையும் வளையங்களோடு மாற்றச் சொல்லுங்கள். கிரீஸை உருளைகளின் இடுக்கெல்லாம் நிரம்பும்படி கையால் அழுத்தித் திணிக்க வேண்டும். வளையங்கள் சரியாக உட்கார முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி சில முறை திருப்பி, பிறகு தளர்த்தி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு மறுபடி இறுக்குவது வழக்கம். புது வளையங்கள் ஓட்டத்தில் இன்னும் சற்று உள்ளிறங்கும் என்பதால் 1,000 கிலோமீட்டரில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டியைக் கழுவும்போது அழுத்தத் தண்ணீரைக் கழுத்துப் பக்கம் காட்டவே காட்டாதீர்கள்.