மூன்று துளைகளும் ஒரு குழலும்: போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி துல்லியமாவது எப்படி

போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கூறும் கருத்துகளில் பெரும்பாலானவை, காகித இலக்கொன்றில் விழுந்த மூன்று துளைகளை ஆதாரமாகக் கொண்டவை. டிரிகரை மாற்றியதும் துளைகள் நெருங்கின என்பார் ஒருவர். குழலையும் போல்ட்டையும் தாங்கும் கட்டையை மாற்றியதும் நெருங்கின என்பார் மற்றொருவர். குழலை ஒரு குறிப்பிட்ட முறைப்படி சுட்டுச் சுட்டுத் துடைத்துப் பழக்கியதால்தான் நெருங்கின என்பார் மூன்றாமவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எந்த மாற்றம் உண்மையில் வேலை செய்கிறது, எது தற்செயலின் விளைவு என்று பிரித்தறிய வேண்டுமானால், தோட்டா வெடிக்கும் கணத்தில் அந்தத் துப்பாக்கிக்குள் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். துல்லியம் என்பது அந்த நிகழ்வு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழ்வதைத் தவிர வேறொன்றுமில்லை.

போல்ட் என்பது ஏறத்தாழ ஒரு கதவுத் தாழ்ப்பாளைப் போன்றது. கைப்பிடியை உயர்த்திப் பின்னால் இழுத்தால் சுட்டு முடிந்த கூடு வெளியே விழுகிறது; முன்னால் தள்ளிக் கீழே இறக்கினால் புதிய தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் சென்று பூட்டப்படுகிறது. 1898இல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட மவுசர் துப்பாக்கியில் இந்த அமைப்பு ஏறக்குறைய முழு வடிவம் பெற்றுவிட்டது; இன்று விற்கப்படும் வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. போல்ட்டின் முன்முனையில் லக் எனப்படும் இரண்டு அல்லது மூன்று உறுதியான புடைப்புகள் இருக்கும். கைப்பிடியை இறக்கும்போது அவை சுழன்று, போல்ட் நகரும் உலோக உடலான ரிசீவரில் அவற்றுக்கென வெட்டப்பட்ட பள்ளங்களில் அமர்ந்துகொள்கின்றன. இரண்டு லக் உள்ள போல்ட்டை ஏறத்தாழ 90 பாகையும், மூன்று லக் உள்ளதை ஏறத்தாழ 60 பாகையும் திருப்ப வேண்டும். திருப்பும் கோணம் குறைந்தால் கைப்பிடி தொலைநோக்கியில் இடிக்காமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுடும் ஊசியின் சுருள்வில்லை அதே அளவு அழுத்தும் வேலையைக் குறுகிய தூரத்தில் செய்ய வேண்டியிருப்பதால், அதைத் தூக்குவதற்குக் கூடுதல் விசை தேவைப்படும்.

அந்த லக்குகள் தாங்கும் சுமை சிறிதன்று. .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 400 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. கூட்டின் அடிப்பகுதிப் பரப்புடன் அதைப் பெருக்கினால், போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை 4 டன்னுக்கும் மேற்பட்ட எடைக்கு நிகராக வரும். பித்தளைக் கூடு அறையின் சுவரைப் பற்றிக்கொள்வதால் அதில் ஒரு பகுதி குறைந்தாலும், எஞ்சுவது பெரிய சுமையே. இரண்டு லக்குகளில் ஒன்று மட்டுமே நன்றாகத் தொட்டு, மற்றொன்று மயிரிழை இடைவெளியுடன் நின்றால், அந்தச் சுமை ஒரு பக்கமாக விழுந்து ரிசீவரைச் சற்றே வளைக்கிறது. நுண்ணிய தேய்ப்புப் பசையைக் கொண்டு இரு லக்குகளையும் சமமாகத் தொடச் செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பது இதனால்தான். எனினும் அது பயிற்சி பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் செய்ய வேண்டிய வேலை. தேவைக்கு மேல் தேய்த்தால் போல்ட் பின்னால் நகர்ந்து, தோட்டாவுக்கும் அறைக்கும் இடையே இருக்க வேண்டிய அளவு மாறிவிடும்.

டிரிகர் விடுபட்டதும் சுடும் ஊசி முன்னோக்கிப் பாய 2 முதல் 5 மில்லிவினாடி ஆகிறது. வெடிமருந்து பற்றிய பிறகு, தோட்டாவின் முனையிலுள்ள குண்டு குழலைக் கடந்து வெளியேற மேலும் 1 முதல் 1.5 மில்லிவினாடி ஆகிறது. துப்பாக்கியின் பின்னுதைப்பு குண்டு வெளியேறிய பிறகே தொடங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள், அப்படியன்று. 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் 10 கிராம் அளவுள்ள குண்டு 56 சென்டிமீட்டர் நீளக் குழலைக் கடக்கும்போது, உந்த அழியாமை விதிப்படி, துப்பாக்கியும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அதாவது, குண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே துப்பாக்கி கட்டைக்குள் அசைகிறது, தோளை அழுத்துகிறது, குழல் அதிர்கிறது. அந்த 2 மில்லிமீட்டர் நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் அமைந்தால் குண்டுகள் அருகருகே விழும். பாதை மாறினால் சிதறும். மேம்பாடு என்ற பெயரில் விற்கப்படும் எதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே நான் எடைபோடுகிறேன்: இது அந்தக் குறுகிய நேரத்தில் நடப்பதை நிலைப்படுத்துகிறதா?

குழலை ஒரு முனையில் மட்டும் பிடித்து வைக்கப்பட்ட எஃகுத் தண்டாகக் கொள்ளலாம். அத்தகைய தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடுகிறது. 66 சென்டிமீட்டர் குழலை 56 சென்டிமீட்டராகக் குறைத்தால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. இதற்குக் கொடுக்கும் விலை வேகம்: .308 போன்ற தோட்டாவில், வெட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் என்ற அளவில் குண்டின் வேகம் குறையும். நீண்ட குழல்தான் துல்லியமானது என்ற பழைய நம்பிக்கை, திறந்த குறிகளைக் கொண்டு சுட்ட காலத்துக்குப் பொருந்தியது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடினால் குறிபார்ப்பில் பிழை குறைந்தது. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிக்கு அந்த நியாயம் இல்லை.

இத்தகைய தண்டை வழியில் ஏதேனும் ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் அதன் அதிர்வு மாறிவிடும். மரக்கட்டை உள்ள துப்பாக்கிகளின் முதன்மைச் சிக்கல் இதுவே. மரம் ஈரத்தை ஏற்கும்போது நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதில்லை. குறுக்குவாக்கிலோ கணிசமாக உப்புகிறது. துப்பாக்கிக் கட்டைகளுக்குப் பெயர்பெற்ற கருப்பு வால்நட் மரம்கூட, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது வளையங்களின் தொடுகோட்டுத் திசையில் 7.8 சதவீதமும் ஆரத் திசையில் 5.5 சதவீதமும் சுருங்குகிறது. பதப்படுத்திய கட்டையில் பருவத்துக்குப் பருவம் நிகழும் மாற்றம் இதில் ஒரு சிறு பங்குதான். என்றாலும் இரு திசைகளும் சமமாக மாறாததால் கட்டையின் முன்பகுதி முறுக்கிக்கொண்டு, குழலை ஒரு பக்கமாக நெருக்கத் தொடங்கிவிடும். கோடையில் சரிபார்த்து வைத்த துப்பாக்கி மழைக்காலத்தில் வேறிடத்தில் சுடுவதற்குக் காரணம் பெரும்பாலும் குழல் அன்று, கட்டையே.

இதற்கான தீர்வு இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, குழலின் முன்பகுதி கட்டையைத் தொடாதபடி இடைவெளி விடுவது. மடித்த காகிதத் துண்டு தடையின்றி ரிசீவர் வரை நகர்ந்தால் அது சரியாக உள்ளதென அறியலாம். ஓய்வில் தொடாத குழல், கட்டையின் முன்பகுதியைத் தாங்கியில் அழுத்திச் சுடும்போது தொடக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். மலிவான வார்ப்புப் பிளாஸ்டிக் கட்டைகளின் குறை அங்கேதான் வெளிப்படுகிறது. செயற்கைக் கட்டை என்றாலே மரத்தைவிட மேலானது என்று சொல்வோர், ஈரத்தால் மாறாமை, விறைப்பு என்ற இரண்டு குணங்களையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். கண்ணாடியிழையால் செய்யப்பட்ட கட்டையில் இரண்டும் உண்டு. மெல்லிய வார்ப்புப் பிளாஸ்டிக்கில் முதலாவது மட்டுமே உண்டு.

இரண்டாவது பகுதி பெடிங், அதாவது ரிசீவரைக் கட்டையில் அசையாதபடி அமர்த்துவது. ரிசீவரின் அடியில் உள்ள உதைப்பு லக் பின்னுதைப்பின் முழு விசையையும் கட்டைக்குக் கடத்துகிறது. அது அமரும் இடத்தில் சிறிது தளர்வு இருந்தாலும், ரிசீவர் ஒவ்வொரு முறையும் வேறு இருப்புக்குத் திரும்பும். எஃகுத் துகள் அல்லது கண்ணாடியிழை கலந்த எப்பாக்சிப் பிசினை அங்கே இட்டு, ரிசீவரின் அச்சாகவே அது இறுக விட்டால், உலோகத்துக்கும் கட்டைக்கும் இடையே முழுப் பரப்பிலும் தொடர்பு ஏற்படுகிறது. திருகுகளைச் சுற்றி அலுமினியக் குழாய்களைப் பதித்துவிட்டால், முடுக்கும்போது மரம் நசுங்குவதும் நிற்கிறது. என் மதிப்பீட்டில், மரக்கட்டைத் துப்பாக்கிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவுக்கேற்ற பயனை மிகுதியாகத் தருவது இதுவே. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் எளிது: கட்டைத் திருகுகளையும் தொலைநோக்கியின் தளத் திருகுகளையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்கு அளவில் இறுக்கிப் பார்ப்பது. குழல் கெட்டுவிட்டது என்று மனமுடைந்து கொண்டுவரப்படும் துப்பாக்கிகளில் பலவற்றின் குறை, ஒரு தளர்ந்த திருகோடு முடிந்துவிடுகிறது.

டிரிகரைப் பற்றிய பேச்சில் ஒரு நுணுக்கம் விடுபட்டுவிடுகிறது. இலகுவான டிரிகர் துப்பாக்கியின் இயல்பான சிதறலைக் குறைப்பதில்லை; சுடுபவர் துப்பாக்கியை அசைப்பதைத்தான் குறைக்கிறது. 3.5 கிலோ எடையுள்ள ஒன்றை இலக்கில் நிறுத்திக்கொண்டு, அதே துப்பாக்கியின் டிரிகரை 3 கிலோ விசையால் இழுத்தால் குறி நகராமல் இருப்பது கடினம். இழுக்கும் விசை 1.3 முதல் 1.8 கிலோ வரை இருப்பது வேட்டைக்குப் பொதுவாகப் போதுமானது. விசையின் அளவைவிட, சறுக்கலோ தயக்கமோ இன்றித் திடீரென விடுபடும் தன்மையே முக்கியம். பழைய டிரிகர்களில் பிடிப்பு விளிம்புகளின் தொடர்பைக் குறைத்து இலகுவாக்கிவிடும் பழக்கம் ஆபத்தானது: போல்ட்டை வேகமாக மூடும்போதோ துப்பாக்கி கீழே விழும்போதோ தானாக வெடிக்கும் வாய்ப்பை அது உருவாக்குகிறது. 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் நிறுவனம் டிரிகருக்குள் மெல்லிய பாதுகாப்புத் தகடு ஒன்றை வைத்து, இலகுவான இழுப்பையும் பாதுகாப்பையும் குறைந்த விலைத் துப்பாக்கியில் ஒன்றுசேர்த்துக் காட்டியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. இன்று புதிதாக வாங்குபவர் டிரிகரை மாற்ற வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூட்டைப் பற்றும் முறையைக் குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை. மவுசர் முறையில், தோட்டா பெட்டியிலிருந்து எழும்போதே நீண்ட கொக்கி ஒன்று அதன் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. போல்ட்டைப் பாதியில் பின்னிழுத்தாலும் தோட்டாவும் கூடவே வருவதால், இரண்டாவது தோட்டா மேலே ஏறி நெருக்குவதில்லை. 1962இல் வந்த ரெமிங்டன் 700 போன்றவற்றிலோ போல்ட் தோட்டாவைத் தள்ளிச் செல்கிறது, இறுதியில்தான் பற்றுகிறது. மாறாக, போல்ட்டின் முகப்பு கூட்டின் அடியை முழு வளையமாகச் சூழ்ந்துகொள்வதால், கூடு கிழிந்தால் வெளியேறும் வாயு நன்கு தடுக்கப்படுகிறது. 1936இல் கொக்கி முறையுடன் வெளிவந்த வின்செஸ்டர் மாடல் 70, செலவைக் குறைக்க 1964இல் அதைக் கைவிட்டபோது எழுந்த அதிருப்தியால்தான், அதற்கு முந்தையவை இன்றும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. திருப்பித் தாக்கக்கூடிய விலங்குகளை எதிர்கொள்பவர் கொக்கி முறையை நாடுவது நியாயம். மான் வேட்டைக்கு இவ்விரண்டில் எதுவும் தடையாகாது; துல்லியத்தில் இதற்குப் பங்கில்லை.

குழலைப் பழக்கும் முறையில் குழல் செய்பவர்களே ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. அதற்கென நேரத்தைச் செலவிடுவதைவிட அதே தோட்டாக்களைக் குறிபார்த்துப் பழகச் செலவிடலாம்.

இனி அந்த மூன்று துளைகளுக்கு வருவோம். குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றி இயல்நிலைப் பரவலில் விழுவதாகக் கொண்டால், மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக மூன்று குண்டுகளில் திட்டவிலக்கத்தின் 2.41 மடங்காகவும், ஐந்தில் 3.07 மடங்காகவும், பத்தில் 3.81 மடங்காகவும் அமைகிறது. அதாவது, மூன்று குண்டுகளில் சராசரியாக 25 மில்லிமீட்டர் காட்டும் துப்பாக்கி, எந்த மாற்றமும் இன்றியே பத்துக் குண்டுகளில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் காட்டும். மேலும், அதே துப்பாக்கி ஒரு மூன்று குண்டுத் தொகுதியில் 16 மில்லிமீட்டரும் அடுத்ததில் 34 மில்லிமீட்டரும் தருவது முற்றிலும் இயல்பானது. இடையில் ஒரு திருகையோ தோட்டா வகையையோ மாற்றியிருந்தால், அந்த வேறுபாட்டுக்கு அம்மாற்றமே காரணம் என்று நம்பிவிடுவது எளிது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்தாகச் சில தொகுதிகளைச் சுட்டு ஒப்பிடாத கருத்தை நான் ஏற்பதில்லை. மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் இடம் மாறக்கூடும் என்பதால், குண்டுகளுக்கு இடையே அது ஆறவும் வேண்டும். வேட்டையில் பயன்படப்போவது குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான்.

துல்லியம் எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோண அளவில் ஒரு பாகைத்துளி, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 200 மீட்டரில் 58 மில்லிமீட்டர். மானின் நெஞ்சுப் பகுதியில் விரைவான மரணத்தைத் தரும் பரப்பு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. துப்பாக்கியின் சிதறல் ஒரு பாகைத்துளி என்றும், வேட்டையில் கைநடுக்கம், மூச்சு, அவசரம் ஆகியவற்றால் சுடுபவரின் சிதறல் அதே தொலைவில் 100 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், தொடர்பற்ற பிழைகள் வர்க்கங்களாகக் கூடும் என்பதால் மொத்தச் சிதறல் 116 மில்லிமீட்டராகும். பெரும் செலவு செய்து துப்பாக்கியின் சிதறலைப் பாதியாக்கினாலும் மொத்தம் 104 மில்லிமீட்டருக்குத்தான் இறங்கும். சுடுபவரின் சிதறலைப் பாதியாக்கினாலோ அது 77 ஆகிவிடும். காயம்பட்டு ஓடும் விலங்கின் வேதனையைத் தவிர்க்க விரும்புபவருக்கு இந்த எண்கள் ஒரு கடமையைச் சொல்கின்றன என்றே கருதுகிறேன்.

எடை குறைந்த துப்பாக்கியை வாங்குபவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். தோட்டா மாறாதபோது பின்னுதைப்பின் உந்தம் மாறாது. ஆனால் அதன் ஆற்றல் எடைக்கு எதிர் விகிதத்தில் கூடுகிறது. 4 கிலோவை 3 கிலோவாக்கினால் தோளில் வந்து சேரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. உதைப்புக்கு அஞ்சிக் கண்ணைச் சிமிட்டும் பழக்கம் அங்கே பிறக்கிறது. மலையேறிச் செல்பவருக்கு அந்த ஒரு கிலோ அவசியமானால், சிறிய தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பழைய துப்பாக்கியை வாங்குபவர் முதலில் குழல்வாயின் விளிம்பைப் பார்க்க வேண்டும். குண்டு வெளியேறும் கணத்தில் அதன் பின்னாலுள்ள வாயு அவ்விளிம்பில் ஒரு பள்ளத்தின் வழியே முன்கூட்டிப் பீறிட்டால் குண்டு சற்றே சாய்ந்துவிடும். நல்வாய்ப்பாக, கடைசல் இயந்திரத்தில் விளிம்பை மறுபடி வெட்டுவது சிறிய வேலை. அடுத்தது போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள அளவு. .308இல் ஏற்க வேண்டிய அளவுகோலுக்கும் ஏற்கக் கூடாத அளவுகோலுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணால் அறிய முடியாத இதைத் தொழிலாளர் அதற்கான எஃகு அளவுகோல்களை அறைக்குள் இட்டுச் சோதிப்பார். சுட்டு முடிந்த கூடுகளின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தென்பட்டால் பித்தளை அங்கே நீண்டு மெலிந்திருக்கக்கூடும் என்று பொருள். அளந்து பார்க்கும் வரை அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.