ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்கும்போது ஸ்ட்ரிங்குக்கும் செட்டப்புக்கும் பணம் எடுத்து வையுங்கள்

ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். "ஈ ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருக்கு சார், சத்தமும் சரியில்ல, வித்துட்டுப் பெரிசா ஒண்ணு வாங்கிடலாமா?" ஈ என்பது நாலு ஸ்ட்ரிங்கில் மிகத் தடித்தது. பேஸை வாங்கிச் சில வாரம்கூட ஆகியிருக்காது. கையில் எடுத்துப் பார்த்தால் பேஸில் பெரிய குறை எதுவும் இருக்காது. பெட்டியில் வந்த ஸ்ட்ரிங் அப்படியே கிடக்கும், இல்லையென்றால் அளவு பொருந்தாத புது ஸ்ட்ரிங் மாட்டியிருக்கும், நெக் (விரல் வைத்து வாசிக்கிற நீண்ட கழுத்து) வளைந்திருக்கும், நட்டில் (நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பள்ளமுள்ள பட்டையில்) ஸ்ட்ரிங் ஏறி நிற்கும். இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை, அப்படிச் சரிசெய்வதைத்தான் செட்டப் என்கிறோம். ஆனால் அதற்குள் வாங்கியவருக்கு மனம் விட்டுப்போயிருக்கும், அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அளவைப் பேசிவிடலாம். நட்டிலிருந்து பிரிட்ஜ் சாடில் (பாடியில் ஸ்ட்ரிங்கின் மறுமுனையைத் தாங்கும் துண்டு) வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம்தான் ஸ்கேல். 1951-ல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் 34 அங்குலம்தான் இன்றுவரை லாங் ஸ்கேல் என்று நிலைத்திருக்கிறது. 30 அங்குலமும் அதை ஒட்டியும் இருப்பவை ஷார்ட் ஸ்கேல். நாலு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) வரை லாங் ஸ்கேலில் சுமார் 178 மில்லிமீட்டர், ஷார்ட் ஸ்கேலில் 157. இடது கைக்கு இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். முதல் பொசிஷனில் (நட்டை ஒட்டிய முதல் நாலு ஃப்ரெட்டில்) சுண்டுவிரலை இழுத்துப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

அதே நேரம் நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும். ஒரே தடிமன் ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்குக் கட்டினால், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி இழுவிசை மாறும். 34-க்குப் பதில் 30 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இழுவிசை போய்விடுகிறது. லாங் ஸ்கேலில் 18 கிலோ விசையோடு நிற்கிற ஈ ஸ்ட்ரிங் ஷார்ட் ஸ்கேலில் 14 கிலோவில் நிற்கும். தொளதொளப்பு வருவது இதனால்தான். கருவியைத் தயாரித்தவர்கள் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம், இந்த அளவின் இயல்பே அது. அந்த இயல்பால் நல்லதும் உண்டு: அழுத்த விரலுக்குக் குறைந்த வலு போதும், ஸ்ட்ரிங்கை வளைப்பது சுலபம், சத்தத்தில் மேல்ஸ்வரங்களின் கூர்மை குறைந்து அடிநாதம் உருண்டையாகக் கேட்கும்.

இதைக் குழந்தைகள் சாமான் என்று சொல்கிறவர்கள் கடைகளிலும் இருக்கிறார்கள், வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் 500/1 ஒரு ஷார்ட் ஸ்கேல். அவர் இடதுகைக்காரர், வயலின் வடிவம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதும் அவர் அதை எடுக்க ஒரு காரணம். கிரீம் என்ற ராக் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்ஸன் ஈபி-3 சுமார் 30 அங்குலம்தான். ஸ்டான்லி கிளார்க் ஜாஸில் பேஸைத் தனி வாத்தியமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அலெம்பிக் ஷார்ட் ஸ்கேலில். ஃபெண்டரே 1966-ல் மஸ்டாங் பேஸை 30 அங்குலத்தில் செய்தது.

சரி, யாருக்கு இது வேண்டும்? கை சின்னது என்றால் கட்டாயம் ஷார்ட் ஸ்கேல்தான் என்று நான் சொல்லமாட்டேன். டபுள் பேஸ்காரர்கள் போல ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை வைத்து மூன்று ஃப்ரெட்டுக்குள் வாசிக்கிற முறை பழகினால் சின்னக் கையாலும் 34 அங்குலத்தைச் சமாளிக்கலாம். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு, தோளிலோ மணிக்கட்டிலோ ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு, கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறுகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. சர்ச் குவையரில் வாசிக்கிற ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தார். "உன் கைக்கு பேஸ் வராதும்மா, கீபோர்டு கத்துக்கோ" என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஷார்ட் ஸ்கேல் ஒன்றைக் கையில் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் அதுவரை எட்டாமலிருந்த வரியைத் தடையில்லாமல் வாசித்தார். ஆர்வத்தோடு வருகிற ஒருவரிடம் கையைப் பார்த்து இப்படிச் சொல்லி அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு. பெற்றோரிடமும் ஒரு வார்த்தை: வளர்ந்த பிறகும் உதவுமே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பேஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். கை வலித்தால் பிள்ளை சொல்லாது, பேஸைத் தொடாமல் விட்டுவிடும்.

வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு இஞ்ச் டேப் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக் குறிப்பில் மினி, முக்கால் சைஸ் என்றெல்லாம் எழுதியிருக்கும், அதை நம்பாமல் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 15 அங்குலம் வந்தால் 30 அங்குல ஸ்கேல். ஐபனெஸ் மைக்ரோ பேஸ் 28.6 அங்குலம், இன்னும் குட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் ஈ ஸ்ட்ரிங்கின் தளர்ச்சி இன்னும் கொஞ்சம் கூடும் என்று தெரிந்தே எடுங்கள். ஸ்குவையர் பிராங்கோ விலையில் பலருக்கும் எட்டும். அதன் பழைய மாடல்களில் நாலு ஸ்ட்ரிங்குக்கு இரண்டே சாடில்தான், அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனியாகச் சாடிலை நகர்த்தி, மேல் ஃப்ரெட்டுகளில் வரும் சுருதியைத் திருத்த முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கவனித்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் நான் முதலில் பார்ப்பது ட்ரஸ் ராடைத்தான். நெக்குக்குள் ஓடுகிற அந்த இரும்புக் கம்பிதான் ஸ்ட்ரிங் இழுக்கிற இழுப்புக்கு எதிராக நெக்கைப் பிடித்து நிறுத்துகிறது. அதைத் திருப்புகிற திருகு ஏற்கெனவே முழுக்க இறுகிப்போய் மேலே திருப்ப இடமில்லாமல் இருந்தாலோ, சாவி போடும் ஓட்டை தேய்ந்து வழுக்கினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 3/16 அங்குல ஆலன் கீ போட வேண்டிய இடத்தில் நாலரை மில்லிமீட்டர் கீயும் நுழையும், ஆனால் பிடிக்காது, சுற்றிச் சுற்றி மூலைகளை மழுக்கிவிடும். அப்படிக் கெட்டுப்போன நெக்குகள் நிறைய வருகின்றன. அப்புறம், பேஸைப் பாடிப் பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்து நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி போனால் நல்லது, ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. வளைவை ட்ரஸ் ராடால் திருத்தலாம், முறுக்கலைத் திருத்த முடியாது.

இப்போது ஸ்ட்ரிங். தொளதொளப்புப் புகாரில் பெரும்பகுதி இங்கேதான் தீர்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேஸ் ஸ்ட்ரிங்கின் தடித்த சுற்று முழு நீளத்துக்கும் போகாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு மெலிந்து, அந்த மெலிந்த பகுதிதான் கீயில் (சுருதி சேர்க்கத் திருகும் முளையில்) சுற்ற வேண்டும். லாங் ஸ்கேல் ஸ்ட்ரிங்கை ஷார்ட் ஸ்கேலில் மாட்டினால் தடித்த சுற்று நட்டைத் தாண்டிக் கீ வரைக்கும் போய்விடும். அந்தத் தடிமனைக் கீயின் தண்டில் வளைத்துத் திணிக்கும்போது மேல்சுற்று உடைகிறது அல்லது உள்கம்பியிலிருந்து நெகிழ்கிறது. அந்த நொடியிலேயே ஸ்ட்ரிங் செத்துவிடும்: பளிச்சென்ற நாதம் வராது, சுருதி நிற்காது. கடையில் லாங் ஸ்கேல் செட்தான் இருந்தது, வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஷார்ட் ஸ்கேல் என்று அட்டையில் எழுதியிருக்கும் செட்டையே வாங்குங்கள், டாடாரியோவின் ஈஎக்ஸ்எல்170எஸ் அப்படி ஒன்று, கடைசியில் இருக்கிற அந்த எஸ் முக்கியம். ஹாஃப்னர் மாதிரி தனி டெயில்பீஸ் (பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்ட்ரிங்கை மாட்டும் பகுதி) உள்ள பேஸ்களில் ஸ்ட்ரிங்கின் நுனியில் இருக்கும் உலோகக் குண்டு மாட்டுகிற இடம் சாடிலுக்கு வெகு பின்னால் இருக்கும். அங்கே ஸ்கேலை வைத்து முடிவு செய்யாமல், குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து அந்த அளவைச் சொல்லி வாங்க வேண்டும்.

தடிமன் உங்கள் கையைப் பொறுத்தது. செட்டில் எழுதியிருக்கும் எண்கள் மிக மெல்லிய ஸ்ட்ரிங், மிகத் தடித்த ஸ்ட்ரிங் இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 45–100 செட்டில் ஈ தளர்வாகத் தோன்றினால் 50–105-க்குப் போகலாம். இன்னொரு வழி ஃப்ளாட்வவுண்ட். மேல்சுற்று தட்டையாக இருக்கும் இந்த ஸ்ட்ரிங், அதே தடிமனில் பெரும்பாலும் இன்னும் விறைப்பாக நிற்கும், விரல் வழுக்கும் சத்தமும் வராது. ஷார்ட் ஸ்கேலுக்கு என் தனிப்பட்ட விருப்பம் இதுதான். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் ஓடிவருகிற அந்த உருண்டை பேஸ் பிடிக்கும் என்று சொல்லி வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். விலை கூடுதல், ஆனால் பல வருடம் வரும். தடித்த ஸ்ட்ரிங்குக்கு மாறினால் நட்டின் பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டியிருக்கும். மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தேவையான நீளத்தில் முதலில் நேர்கோணமாக மடக்கிவிட்டு, மடக்கின இடத்துக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சில ஸ்ட்ரிங்குகளில் மேல்சுற்று உள்கம்பியை விட்டு நழுவும்.

செட்டப்பில் வரிசை மாறக்கூடாது. புது ஸ்ட்ரிங் மாட்டி, வாசிக்கப் போகிற சுருதிக்கே கட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு நெக். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. டூவீலர் மெக்கானிக் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபில்லர் கேஜே இதற்குப் போதும். இடைவெளி கூடுதலென்றால் ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மறுபடி சுருதி சேர்த்து, அளந்து, தேவையென்றால் மறுநாள் இன்னொரு கால் சுற்று. திருப்பும்போது முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆக்‌ஷனைக் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கிற உயரத்தை) குறைப்பதற்கு ட்ரஸ் ராடைத் திருப்புகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, அதனால் கெடுவது நெக்தான். ஆக்‌ஷன் சாடிலில் செய்கிற வேலை.

நட்டைப் பார்க்க, மூன்றாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற இடம் போதும். விலை குறைந்த பேஸ்களில் அங்கே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், அதனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது சுருதி ஏறும், விரலும் வலிக்கும். பள்ளம் தேய்க்கிற வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். ஆக்‌ஷனுக்கு, பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்குக்கு 2.4 மில்லிமீட்டர், மிக மெல்லிய ஜி-க்கு 2 என்பது லாங் ஸ்கேலில் பொதுவாகச் சொல்கிற அளவு. ஷார்ட் ஸ்கேலில் ஈ அகலமாக ஆடும் என்பதால் நான் அதை 2.8 வரைக்கும் ஏற்றி வைப்பேன்.

கடைசியில்தான் சுருதித் திருத்தம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஸ்வரம்) அழுத்தி வாசிக்கிற ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் நட் பக்கம் முன்னுக்கு. ஷார்ட் ஸ்கேலில் ஈ சாடில் கடைசி வரை பின்னால் போயும் போதாமல் நிற்பது சகஜம். உடனே பிரிட்ஜைக் குறை சொல்லாமல் நட்டையும் ஆக்‌ஷனையும் மறுபடி பாருங்கள், ஸ்ட்ரிங் பழசா என்றும் பாருங்கள். சுருதி பார்க்கும்போது மெதுவாக மீட்டி, முதல் அதிர்வு அடங்கிய பிறகு ட்யூனரைப் படியுங்கள். தளர்ந்த ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் சுருதி ஏறித்தான் காட்டும்.

பிக்கப்பை (ஸ்ட்ரிங்குக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதியை) ரொம்ப உயர்த்திவிடாதீர்கள், தளர்ந்த ஸ்ட்ரிங்கைக் காந்தம் இழுத்து நாதத்தை அலைக்கழிக்கும். சின்ன பாடி என்பதால் கையை எடுத்தால் நெக் கீழே சாய்கிறதா என்று கடையிலேயே தோளில் மாட்டிப் பாருங்கள். அகலமான, சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சென்னை மாதிரி ஊரில் ஒரு முறை செய்த செட்டப் வருடம் முழுக்க அப்படியே நிற்காது. ஏசி அறையில் காய்ந்த நெக் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நகரும். வெயிலில் நிற்கிற காருக்குள் பேஸை விட்டுவிட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலம் தொடங்கும்போது ஒரு முறை, கோடையில் ஒரு முறை அந்த 0.3 மில்லிமீட்டரை அளந்து பார்த்தால் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, கையில் இருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஸ்ட்ரிங்குக்கும் செட்டப்புக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் கருவி பாருங்கள். கடையில் பேஸைக் காட்டும்போதே ஷார்ட் ஸ்கேல் செட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் அதை வாங்கி வைப்பார்.