எடை குறைந்த பிள்ளைக்குப் பால்வாடியில் என்ன கிடைக்கும்?

ஒல்லியான பிள்ளை எல்லாம் சத்துக்குறைவான பிள்ளை இல்லை. மாதாமாதம் பால்வாடியில் எடை போடும்போது வளர்ச்சி அட்டையில் கோடு ஏறிக்கொண்டே போனால், பக்கத்து வீட்டுக் கொழுகொழுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனதை உழப்ப வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் மாதம் சுமார் 200 கிராம்தான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். அப்போது பதறிப்போய் வாயில் திணித்தால், கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

கவனிக்க வேண்டியது கை நாடா. 6 மாதம் முதல் 5 வயது வரை, இடது மேற்கையின் நடுவில் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் மிதமான குறைபாடு, 11.5-க்குக் கீழே போனால் கடுமையானது. நாடாவை இறுக்கிப் பிடித்தால் அளவு தப்பும். சந்தேகம் என்றால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழுகிறது, அல்லது பிள்ளை எதையுமே உண்ணவில்லை என்றால் நாடாவுக்குக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போய்விடுங்கள்.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரை சத்துணவு இலவசம். சட்டம் வந்தபோது வகுத்த அளவு நாளுக்கு 500 கலோரி, 12-15 கிராம் புரதம். சத்துக்குறைவான பிள்ளைக்கு 800 கலோரி, 20-25 கிராம் புரதம். ரேஷன் கார்டு என்ன வகை என்று பார்ப்பதில்லை. 3 வயது வரை சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் மையத்திலேயே சாப்பாடு. 2 வயதிலிருந்து வாரம் மூன்று முட்டை. 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் உண்டு. 6 மாதம் ஆகாத பிள்ளை என்றால் ஊட்டச்சத்துப் பெட்டகம் தாய்க்கு.

காரியம் கெடுவது பெரும்பாலும் அடுப்படியில்தான். அந்தச் சத்துமாவில் அண்ணனுக்கு உருண்டை, தாத்தாவுக்குக் கஞ்சி என்று பிரித்தால் சின்னதுக்கு மிஞ்சுவது என்ன? கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுவது இன்னொரு தப்பு: வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் மெதுவாக நழுவுகிற பதம் வேண்டும். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் 40 கலோரி கூடும். ஒரு வயதானால் உளுந்தம்பருப்புச் சோற்றை மசித்தும் கொடுக்கலாம். வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம், கிண்ணம் 250 மில்லி.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தால் அங்குள்ள பால்வாடியில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஆதார் இல்லாவிட்டால் தாயின் ஆதார் போதும். மாவு வரவில்லையா? முதலில் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அப்புறம் மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. கூடவே வளர்ச்சி அட்டையின் நகல்.