ஏற்ற மறுப்பா, ரத்தா, தாமதமா? விமானப் பயணியின் உரிமையைத் தீர்மானிக்கும் சொற்கள்

விமானம் கிடைக்காமல் கவுன்டர் முன்னால் நிற்பவர் தன் அவசரத்தைச் சொல்லி மன்றாடுகிறார். உள்ளே இருப்பவர் கணினியில் ஒரு சொல்லைப் பதிவு செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அந்தச் சொல் ‘ஏற்ற மறுப்பு’ என்றால் 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ‘ரத்து’ என்றால் அதிகபட்சம் 10,000 ரூபாய். ‘தாமதம்’ என்றால் சாப்பாடும் சில வேளைகளில் விடுதி அறையும் கிடைக்கும், இழப்பீட்டுப் பணம் கிடையாது. பயணி வரவே இல்லை என்று பொருள்படும் ‘நோ ஷோ’ பதிவாகிவிட்டால், விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திரும்பப் பெறுவதோடு கதை முடிந்துவிடும். ஒரே இரவில் ஒரே வரிசையில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் இழப்பீட்டோடும் மற்றவர் வெறுங்கையோடும் வீடு திரும்பியதைப் பார்த்த பிறகுதான், இந்தச் சொற்களின் பொருளை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்தியாவில் இதற்கான விதி சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ வெளியிட்டது. விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, வரிசை எம், பாகம் 4 என்பது அதன் முகவரி. 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, 2016 ஆகஸ்டில் தொகைகள் உயர்த்தப்பட்டன. கவுன்டரில் பேசும்போது இந்தப் பிரிவு எண்ணைச் சொன்னாலே போதும், எதிரில் இருப்பவரின் பேச்சு மாறுவதைக் காணலாம்.

முதல் சொல் ‘ஏற்ற மறுப்பு’. உறுதி செய்யப்பட்ட முன்பதிவு கையில் இருந்து, நிறுவனம் சொன்ன நேரத்துக்குள் வந்து சேர்ந்தும், இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட்டுகளை விற்றுவிட்ட காரணத்தால் ஒருவரை ஏற்றாமல் விடுவதுதான் இது. இப்படி நேரும்போது நிறுவனம் முதலில், சலுகை பெற்றுக்கொண்டு தாமாக இருக்கையை விட்டுக்கொடுக்க யாராவது முன்வருகிறார்களா என்று கேட்க வேண்டும். யாரும் முன்வராமல், விருப்பத்துக்கு மாறாக ஒருவரை நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானத்தில் அனுப்பிவிட்டால் மட்டுமே இழப்பீட்டிலிருந்து அது தப்ப முடியும். மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். 24 மணி நேரத்தைத் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்பவருக்கு முழு டிக்கெட் பணமும், அதற்கு மேல் அதே நான்கு மடங்கும் உண்டு.

இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், அடுத்த விமானத்தில் இடம் தருகிறோம்’ என்று நீட்டப்படும் தாள். அதில் நீங்கள் தாமாக முன்வந்தவர் என்று இருந்தால், விருப்பத்துக்கு மாறாக நிறுத்தப்பட்டவர் என்ற தகுதி அந்தக் கையெழுத்தோடு போய்விடும். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், பின்னால் நிற்கும் கூட்டம் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. மற்றொன்று, ‘நோ ஷோ’ என்ற பதிவு. செக்-இன் கவுன்டர் மூடும் நேரமும் விமானத்தில் ஏறும் வாயில் மூடும் நேரமும் வேறு வேறு. பல நிறுவனங்களில் வாயில் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே மூடப்படுகிறது. வரிசையில் காத்திருந்தே நேரம் கடந்துபோனவரையும் தாமதமாக வந்தவர் என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. அதனால் விமான நிலையத்துக்குள் நுழைந்ததும், வரிசையில் சேர்ந்ததும், கவுன்டரை அடைந்ததும் கைப்பேசியில் நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். மறுக்கப்பட்டால், என்ன காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அங்கேயே நின்று நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு ‘இத்தனை மணிக்கு, இந்தக் கவுன்டரில், இந்தக் காரணம் சொல்லி என்னை ஏற்றவில்லை’ என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பிற்பாடு எழுதும் நீண்ட புகாரைவிட அந்த ஒரு வரி வலுவான சாட்சி.

அடுத்தது ‘ரத்து’. பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. அதற்குப் பிறகு, ஆனால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை தெரிவித்துவிட்டால், உங்களுக்கு ஏற்ற மாற்று விமானமோ பணத்தைத் திரும்பத் தருவதோ போதும், இழப்பீடு கிடையாது. அந்த 24 மணி நேரக் கோட்டைத் தாண்டிய பிறகு தெரிவித்தால்தான் இழப்பீடு பிறக்கிறது. ஆகவே ரத்துச் செய்தி வந்த குறுஞ்செய்தியை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். அது வந்த மணியும் நிமிடமும்தான் உங்கள் வழக்கு.

இங்கேதான் மிகப் பலர் ஏமாறுகிறார்கள். பயணியின் தொடர்பு விவரம் முன்பதிவின்போது தரப்படவில்லை என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. டிராவல் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுக்கும்போது, அவசரத்துக்கும் வசதிக்கும் ஏஜென்ட் தன்னுடைய கைப்பேசி எண்ணையே போட்டுவிடுகிறார். எங்கள் தெருவில் ஒருவர், மகளின் நேர்முகத் தேர்வுக்காக இப்படித்தான் டிக்கெட் எடுத்திருந்தார். ரத்துச் செய்தி இரண்டு நாள் முன்பே ஏஜென்டின் எண்ணுக்குப் போயிருக்கிறது. ஏஜென்ட் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பயண நாள் விடியற்காலை விமான நிலையத்தில் அப்பாவும் மகளும் பெட்டியோடு நின்றார்கள். ‘நாங்கள் தெரிவித்துவிட்டோமே’ என்று நிறுவனம் ஒரே வரியில் முடித்தது. தேர்வும் போயிற்று, இழப்பீடும் போயிற்று. டிக்கெட் தாளை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பெயரின் எழுத்துகளையும், அதற்கு அடுத்தபடியாகத் தொடர்பு எண்ணையும்தான். எண் உங்களுடையதாக இல்லையென்றால், பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே மாற்றப் பாருங்கள், முடியாவிட்டால் ஏஜென்டை அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

ரத்துக்கான தொகை ‘பிளாக் டைம்’ என்ற சொல்லைப் பொறுத்தது. விமானம் புறப்படுவதற்காகத் தான் நின்ற இடத்தைவிட்டு முதன்முதலாக நகரும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் கணம் வரையுள்ள நேரமே பிளாக் டைம். வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. ஒரு மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இந்த நேரத்தை எங்கே தேடுவது என்று குழம்ப வேண்டாம். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் புறப்பாட்டு நேரத்துக்கும் வருகை நேரத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொண்டு பேசுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் அந்தந்த ஊர் நேரம் அச்சாகியிருக்கும் என்பதால், சிங்கப்பூருக்கு இரண்டரை மணி, துபாய்க்கு ஒன்றரை மணி என்ற வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்தத் தொகைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ‘இந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இவற்றுள் எது குறைவோ அது’ என்பதுதான் விதியின் வாசகம். மதுரையிலிருந்து சென்னைக்கு 5,200 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தீர்கள், அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 3,600 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குரிய இழப்பீடு 7,500 அல்ல, 3,600தான். டிக்கெட் பணம் திரும்பக் கிடைப்பது இதற்குத் தனி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘பணத்தைத் திருப்பித் தந்துவிட்டோமே, இழப்பீடு எதற்கு’ என்று கேட்பார்கள். இழப்பீடு அதற்கு மேல் தரப்பட வேண்டியது என்று விதியில் தெளிவாக இருக்கிறது. திரும்பத் தரும் பணத்தைத் தங்கள் கணக்கிலேயே வரவாக வைத்து அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்தச் சொல்வதும் நடக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பமே தவிர நிறுவனத்தின் முடிவு அல்ல.

தொடர் விமானம் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கெட் எண்ணில் எடுத்த தொடர் விமானம் தவறினால்தான் இந்தப் பாதுகாப்பு பொருந்தும். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் யாருடைய தவறால் தாமதமானாலும் இரண்டாவதில் நீங்கள் ‘நோ ஷோ’தான்.

‘தாமதம்’ என்ற சொல் பயணிக்கு மிகக் குறைவாகவும் நிறுவனத்துக்கு மிகச் சாதகமாகவும் அமைந்தது என்பது என் கருத்து. பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமும், இரண்டரை முதல் ஐந்து மணி வரை உள்ளது மூன்று மணி நேரமும், மற்றவை நான்கு மணி நேரமும் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். மதுரை போகிறவருக்கு இரண்டு மணியில் கிடைக்கும் சாப்பாடு, பக்கத்து வாயிலில் டெல்லிக்குக் காத்திருப்பவருக்கு மூன்று மணியில்தான் கிடைக்கும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், ஆறு மணி நேரத்துக்குள் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ விடுதி அறையும் போய்வர வண்டியும் இலவசம். இரவு 7.45 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இந்த இரவுக் கணக்குக்குள் வரமாட்டார். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

ஆறு மணி நேரத் தாமதம் என்று எந்தப் பலகையும் முதலிலேயே சொல்லாது. முதலில் முக்கால் மணி, பிறகு ஒன்றரை, பிறகு மேலும் இரண்டு என்று துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு அறிவிப்பையும் படமெடுத்து, டிக்கெட்டில் உள்ள அசல் நேரத்திலிருந்து மொத்தத்தை நீங்களே கூட்டிச் சொல்லிக் கேளுங்கள். நேரத்துக்குள் செக்-இன் செய்தவருக்கே இந்த வசதிகள் உரியவை என்பதால், ‘எப்படியும் தாமதம்தானே’ என்று வீட்டிலிருந்து மெதுவாகக் கிளம்பாதீர்கள்.

இனி, எல்லாக் கதவுகளையும் மூடப் பயன்படும் சொல்: ‘அசாதாரணச் சூழல்’. அரசியல் கொந்தளிப்பு, இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து, அரசின் ஆணை, வேலைநிறுத்தம் ஆகியவற்றோடு, வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பிற காரணங்கள் என்று விதி அடுக்குகிறது. இவற்றுள் ஒன்று இருந்தால் இழப்பீடு இல்லை. ஆனால் குறுஞ்செய்திகளில் வருவது பெரும்பாலும் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற தொடர்தான்; அந்தத் தொடர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. இயந்திரக் கோளாறும் பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. எனவே ‘செயல்பாட்டுக் காரணம்’ என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாமல், பட்டியலில் உள்ள எந்தக் காரணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தபோது இந்தக் கேள்வியின் அருமை விளங்கியது. விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, ‘இரவு’ என்ற சொல்லுக்கே அதிகாலை 5 மணிக்குப் பதில் 6 மணி வரை என்று பொருளை நீட்டித்து, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதி நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது. அரசின் ஆணைதானே என்று சிலர் பயணிகளிடம் வாதாடினார்கள். 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டு, ஆள் சேர்க்க அவகாசம் இருந்த ஒரு விதியை எதிர்பாராத சூழல் என்று எப்படி ஏற்பது? களைத்த விமானியின் ஓய்வு பயணியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதைக் காட்டி நிறுவனம் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள விடக்கூடாது.

மூடுபனி போன்ற உண்மையான அசாதாரணச் சூழலிலும் இழப்பீடு மட்டுமே நீங்குகிறது, கவனிப்பு நீங்குவதில்லை. 2007 டிசம்பரில் மூடுபனியால் தாமதமான டெல்லி–ஐதராபாத் விமானம் பற்றிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சொன்னது. ‘பனிக்கு நாங்கள் என்ன செய்வது’ என்று சொல்லிச் சாப்பாட்டையும் மறுத்தால் இதை நினைவூட்டுங்கள்.

புகாரின் பாதை அலைக்கழிக்கும் பாதைதான். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு மேல்முறையீட்டு அதிகாரி, பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா என்ற புகார்த் தளம். ஏஜென்டிடம் கேட்டால் நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார், நிறுவனம் ஏஜென்டைக் கேட்கச் சொல்லும். இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலை ஒருசேர அனுப்புங்கள். ஏர்சேவாவில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டாலும் பணம் வந்துவிட்டது என்று பொருளல்ல. அங்கே அடைபட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. வழக்கு நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஊரில்தான் போட முடியும் என்று டிக்கெட்டின் சிறிய எழுத்தைக் காட்டுவார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். நிறுவனத்தோடு நடத்தும் கடிதப் போக்குவரத்து இந்தக் காலக்கெடுவை நீட்டித்துவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். சம்பவம் நடந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்தே எண்ணுங்கள்.