காய்ந்த சுருட்டும் கசியும் உப்பும்

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஹவானா போய்வந்த நண்பர் அவருக்கு ஒரு பெட்டி கியூபச் சுருட்டு கொடுத்திருக்கிறார். இவர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, குளிர்காலம் முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்திருக்கிறார். விரலால் லேசாக அழுத்தினாலே நொறுங்குகிறதாம். "ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சரியாகுமா? பெட்டிக்குள் ஆப்பிள் துண்டு போடச் சொல்கிறார்களே, அது உண்மையா?" என்று கேட்கிறார்.

சரியாக்கலாம். ஆனால் ஈரத்துணியும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் அது வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை வரவழைக்கும். யாரையும் சுருட்டுப் பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. காய்ந்த இலைக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பது அவ்வளவு அழகான இயற்பியல், அதற்காக எழுதுகிறேன்.

முதலில், சுருட்டு ஏன் காய்ந்தது? வெளியே மைனஸ் 10 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 22 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நீராவியின் அளவு மாறவில்லை; அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய அளவோடு ஒப்பிடும்போது அது சொற்பமாகிவிட்டது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏற்றினாலும் கனடாக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 30 சதவீதத்தை எட்டுவதே பெரிய காரியம். கியூபாவின் காற்றில் ஆண்டு முழுக்க 70, 80 சதவீதம் இருக்கும். அந்தக் காற்றில் உருட்டப்பட்ட இலை, பாலைவனக் காற்றில் மூன்று மாதம் கிடந்திருக்கிறது.

கைச்சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நீளவாக்கில் மடித்து நிரப்பிய இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே பட்டுப்போல ஒரு மெல்லிய இலை. கியூபர்கள் இவற்றைத் திரிப்பா, கப்போத்தே, காப்பா என்கிறார்கள். மேலிலைக்கான செடியைத் துணிப் பந்தலுக்கு அடியில் நிழலில் வளர்ப்பார்கள், இலை மெலிதாகவும் நரம்பு தடிக்காமலும் இருக்க. மூன்று அடுக்கும் செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸும் அதன் உறவுக்காரப் பொருட்களுமாக இருப்பதால், பள்ளியில் படித்த அந்த ஓஎச் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள்) எங்கும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அவற்றில் வந்து ஒட்டுகின்றன. முதல் அடுக்கு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஏறும் அடுக்குகள் தளர்வாக உட்காரும். புரூனவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் இப்படி அடுக்கடுக்காக ஒட்டுவதற்கு 1938இல் ஒரு சமன்பாடு தந்தார்கள். அந்த டெல்லர்தான் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டோடு பேசப்பட்ட டெல்லர்.

நல்ல நிலையில் உள்ள சுருட்டின் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அது சும்மா இருப்பதில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். கனல் முன்னேற முன்னேற அந்த வெப்பத்தை இலையின் ஈரம் விழுங்கி, எரிதலை அடக்கி வைக்கிறது. ஈரம் போன சுருட்டு வேகமாக எரியும், சூடாக எரியும், புகை தொண்டையைக் கரிக்கும். ஈரம் கூடிப்போனாலோ இலைகள் ஊதி இடைவெளியை அடைத்துவிடும்; இழுத்தால் வராது, அடிக்கடி அணையும்.

அப்படியானால் இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? வேகமாகக் கொடுத்தால் வெடிக்கும். மேலிலை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்துக்கொண்டால், ராபஸ்டோ என்ற அளவுச் சுருட்டின் நடுப்பகுதி 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. நூறு மடங்கு தூரம். ஆனால் 1855இல் அடால்ஃப் ஃபிக் எழுதிய விரவல் விதிப்படி (மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதுதான் விரவல்), நேரம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். மேலிலை நனைய ஒரு நிமிடம் ஆகும் என்றால் நடுப்பகுதிக்குப் பத்தாயிரம் நிமிடம், அதாவது ஏழு நாள். இது தோராயக் கணக்குதான், என்றாலும் விஷயம் புரியும். இன்னொரு சிக்கல், பற்றவைக்கும் முனை வெட்டித் திறந்து கிடக்கிறது. அந்த வாயில் உள்ளிலைகள் நேரடியாக ஈரம் குடித்து ஊதும். மாதக்கணக்கில் ஒரே அளவில் இறுகிக் காய்ந்த மேலிலை அந்த ஊதலுக்கு ஈடுகொடுக்க முடியாமல், முனையில் தொடங்கி நீளவாக்கில் பிளக்கும். பிளந்த மேலிலை பழையபடி ஆகாது.

ஈரத்துணியும் ஆப்பிளும் செய்யும் கெடுதல் இதுதான். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் சொட்டும் எதை வைத்தாலும் அது காற்றை நூறு சதவீதத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும்; எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. கூடவே ஆப்பிளின் சர்க்கரையும் பூசணத்துக்கு விருந்து. தேவைப்படுவது வேறு: ஒரு குறிப்பிட்ட ஈரப்பதம் வரை கொடுத்து, அதைத் தாண்டினால் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள். அப்படி ஒன்று நம் எல்லார் அடுப்படியிலும் இருக்கிறது.

ஐப்பசி மழையில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நீர்த்துக் கிடக்கும். கோடையில் அதே ஜாடியில் கட்டிதட்டிக் காய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. சுத்தமான சோடியம் குளோரைடுக்கு அந்தக் கோடு 75 சதவீத ஈரப்பதம். காற்றின் ஈரம் அதற்கு மேலே போனால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரையும். கீழே இறங்கினால் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி படிகமாகும். (கல் உப்பு அதற்கு முன்பே கசியத் தொடங்கும். அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடின் கோடு வெறும் 33 சதவீதம்.)

ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பை எடுத்து, கரைந்து தீராத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்தில் வையுங்கள். மேலே நீர் மூலக்கூறுகள் காற்றுக்குள் தாவிக்கொண்டும் திரும்பி விழுந்துகொண்டும் இருக்கின்றன. சுத்தத் தண்ணீராக இருந்தால் காற்று நூறு சதவீதம் நிறையும் வரை தாவல்தான் மிஞ்சும். உப்பு கலந்ததால் மேற்பரப்பில் தண்ணீரின் பங்கு குறைகிறது, தாவலும் குறைகிறது. 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். சோடியமும் குளோரினும் தனித்தனி அயனிகளாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களாகப் பிரிந்து நிற்பதைக் கணக்கில் எடுத்தால், அங்குள்ள துகள்களில் நூற்றுக்கு 82 தண்ணீர். துகள்களில் தண்ணீரின் பங்கு எவ்வளவோ அவ்வளவே ஆவியும் என்கிற ரவூல் விதிப்படி ஈரப்பதம் 82 சதவீதத்தில் நிற்க வேண்டும். உண்மையில் நிற்பது 75இல். அந்த ஏழு சதவீத வித்தியாசம் எங்கே போனது? அயனிகள் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. மின்னூட்டத்தால் தண்ணீரை இழுத்துப் பிடித்தும் வைத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடியின் வலிமையை ஒரு மலிவான ஈரப்பதமானி காட்டிக்கொடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனிதான் அழகே. காய்ந்த இலை காற்றிலிருந்து ஈரத்தை எடுத்ததும், கிண்ணம் ஆவியை விட்டுக் குறையைச் சரிசெய்கிறது. தண்ணீர் போனால் கரைசல் அடர்த்தியாக வேண்டும் அல்லவா? ஆவதில்லை. கூடுதலான உப்பு உடனே படிகமாகி அடியில் இறங்கிவிடும். ஈரம் அதிகமாகி ஆவி கிண்ணத்துக்குள் விழுந்தால் கரைசல் நீர்க்க வேண்டும். அதுவும் நடப்பதில்லை, அடியிலிருக்கும் படிகம் கரைந்து ஈடுகட்டும். படிகமும் கரைசலும் சேர்ந்து இருக்கும் வரை அடர்த்தி மாறாது. அடர்த்தி மாறாத வரை மேலே இருக்கும் ஈரப்பதமும் மாறாது. மின்சாரம் இல்லை, சுவிட்ச் இல்லை, உணரி இல்லை. சோடியம் குளோரைடின் கரைதிறன் வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை என்பதால் 10 டிகிரியில் 75.7, 30 டிகிரியில் 75.1 என்று ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. வெவ்வேறு உப்புக்கு வெவ்வேறு கோடு: பொட்டாசியம் கார்பனேட் 43, சோடியம் புரோமைடு 58, பொட்டாசியம் அயோடைடு 69. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் லூயிஸ் கிரீன்ஸ்பன் 1977இல் தொகுத்த அட்டவணையை உலகமெங்கும் ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. சுருட்டுக் கடைகளில் போவேடா போன்ற பெயர்களில் விற்கும் ஈரப்பதப் பொட்டலமும் இதே தத்துவம்தான்: நீராவி மட்டும் போய்வரும் ஒரு சவ்வுக்குள் உப்புக் கரைசல். 62, 65, 69, 72 என்று எண் அச்சிட்டு விற்கிறார்கள்.

இது சுருட்டோடு முடிகிற விஷயம் இல்லை. காவிரி டெல்டாவில் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பப்படும் விவசாயி மல்லுக்கட்டுவது இதே இயற்பியலோடுதான். 75 சதவீதக் காற்றில் நெல் ஏறத்தாழ 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். மழைக்காலத்துக் காற்று 90ஐத் தொட்டு நிற்கும்போது எத்தனை நாள் களத்தில் கிளறினாலும் அது இறங்காது. ஓலைச்சுவடிகள் நொறுங்குவதும் பூசணம் பிடிப்பதும் இதே கதை. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. இலையை உலர்த்துவதிலும் பதப்படுத்துவதிலும் அங்கே சேர்ந்திருக்கும் அறிவை நெல்லுக்கும் மஞ்சளுக்கும் சுவடிக்கும் திருப்ப அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈரத்தைப் பற்றிய ஆராய்ச்சி செய்தித்தாளில் முதல் பக்கத்துக்கு வராது. அதற்காக அதைப் பட்டினி போடக் கூடாது.

டொராண்டோ நண்பருக்கு வருகிறேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும் வாங்குங்கள். ஈரப்பதமானியை முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் ஈர மணல் பதத்தில் உப்பு, இரண்டையும் மூடிய பையில் போட்டு ஒரு நாள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், அது சொல்வதோடு எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு சுருட்டுகளை 62 பொட்டலத்தோடு இரண்டு மூன்று வாரம், அடுத்து 65, கடைசியாக 69. இடையிடையே உருட்டிவிடுங்கள். 22 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். நம் வீட்டு மஞ்சள்தூளையும் மல்லியையும் துளைக்கும் அதே வண்டுக்குப் புகையிலையும் பிடிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்துவிடும்.

கடைசிப் படியில் 69 வரை ஏறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே ஈரப்பதத்தில், காய்ந்துகொண்டு வரும் இலையில் இருப்பதைவிட ஈரமாகிக்கொண்டு வரும் இலையில் தண்ணீர் குறைவாக இருக்கும். காயும்போது செல்லுலோஸ் இழைகள் நெருங்கி ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. தண்ணீர் திரும்பி வரும்போது பழைய இடங்களில் சில நிரந்தரமாக அடைபட்டிருக்கும். தான் ஒருமுறை காய்ந்ததை இலை நினைவில் வைத்திருக்கிறது.

எப்போது தயார் என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலுக்குத் தெரிவது மேலிலை மட்டும். நகை எடைபோடும் சின்னத் தராசு போதும். 10 கிராம் சுருட்டு 7 சதவீத ஈரத்திலிருந்து 13க்கு ஏறினால் சுமார் 0.7 கிராம் கூடும். வாரம் ஒருமுறை எடுத்துக் குறித்து வாருங்கள். முதலில் சரசரவென்று ஏறும், பிறகு மெதுவாகும், 69இல் இரண்டு வாரம் தொடர்ந்து எண் நகரவில்லை என்றால் நடுப்பகுதிக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணெய்ப் பசையும் மணமும் அந்தக் கணக்கில் வராது. நீரோடு சேர்ந்து ஆவியாகிப்போன மணப்பொருட்களை எந்த உப்பும் திருப்பித் தராது. ஒரே குளிர்காலம்தான் என்பதால் உங்கள் பெட்டியில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். பத்து வருடம் பரணில் கிடந்த பெட்டி என்றால், அதற்காக இத்தனை பொட்டலம் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.