கேரட்டுக்கு ருசி எங்கிருந்து வந்தது?

ஒரே பையிலிருந்து எடுத்த கேரட். கொஞ்சத்தைப் பெயர் எதுவும் இல்லாத தாளிலும், கொஞ்சத்தை மெக்டொனால்ட்ஸ் சின்னம் அச்சிட்ட தாளிலும் வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 63 குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து, இரண்டிலும் ஒரு கடி கடித்துவிட்டு எது ருசி என்று கைகாட்ட வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றும் சொல்லலாம். உண்மையில் அதுதான் சரியான விடை.

54 சதவீதம் பேர் சின்னம் போட்ட தாளைக் காட்டினார்கள். மற்றதைக் காட்டியவர்கள் 23 சதவீதம்தான். இதே சோதனையை உருளைக்கிழங்கு வறுவலை வைத்துச் செய்தபோதோ 77 சதவீதம் பேர் சின்னத்தைக் காட்டினார்கள். இத்தனைக்கும் அந்தக் கேரட் மளிகைக்கடையில் வாங்கியது. அந்த நிறுவனம் அப்போது அதை விற்கவே இல்லை. 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ராபின்சன் குழு செய்த சோதனை இது. வீட்டில் டிவி பெட்டிகள் கூடக் கூட, பெயருக்கு மயங்குவதும் கூடியிருந்தது.

குழந்தைகள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே ருசித்திருக்கும். ருசி என்பது நாக்கு அனுப்பும் தகவல் மட்டுமல்ல. மணம், நிறம், பழைய நினைவு, 'இது நன்றாக இருக்கும்' என்ற எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் பிசைந்து மூளை உருட்டித் தரும் கவளம் அது. மொட்டைமாடியில் பாட்டி உருட்டித் தந்த நிலாச்சோறு, மதியம் வேண்டாம் என்று தள்ளிய அதே சோறுதானே? 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனில் இதைப் பார்த்தார்கள். கோக் படத்தைக் காட்டிவிட்டுப் பானத்தைக் கொடுத்தபோது, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. பெப்சி படத்துக்கு அப்படி ஆகவில்லை.

பாட்டி நிலாவைக் காட்டியது பேரன் நாலு வாய் சாப்பிடட்டும் என்று. நிறுவனம் உணவோடு தரும் பொம்மையைக் காட்டுவது எதற்கு என்று நமக்குத் தெரியும், நாலு வயதுக்குத் தெரியாது. விளம்பரம் தன்னை வாங்க வைக்கப் பார்க்கிறது என்பதே ஏழெட்டு வயதுக்கு முன் குழந்தைகளுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

உணவு விளம்பரத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "நாங்கள் யாரையும் கூடுதலாகத் தின்ன வைக்கவில்லை, பக்கத்துக் கடைக்குப் போகிறவரை எங்கள் கடைக்கு அழைக்கிறோம், அவ்வளவே." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 2009இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு கார்ட்டூன் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் பிஸ்கட்டையும் வைத்தார்கள். ஒரு பிரிவினர் பார்த்த கார்ட்டூனுக்கு இடையே உணவு விளம்பரங்கள், மற்றவர்களுக்கு வேறு விளம்பரங்கள். உணவு விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் கூடுதலாகத் தின்றார்கள். விளம்பரத்தில் வந்ததோ வேறு பண்டங்கள்! விளம்பரம் கிளப்பிவிட்டது தின்னும் ஆசையை. கை எட்டியது பக்கத்தில் இருந்த கிண்ணத்தை. பக்கத்துக் கடைக் கதை இங்கே நிற்கவில்லை.

'பெற்றோர் கண்டித்து வளர்க்கட்டும்' என்பதோடு சிலி நாடு நிறுத்திக்கொள்ளவில்லை. மருத்துவரான செனட்டர் கிடோ கிரார்டி பல ஆண்டுகள் போராடிக் கொண்டுவந்த சட்டம் 2016 ஜூனில் அமலானது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை ஏறியது. சோளச் சீவல் பெட்டியிலிருந்து டோனி என்ற கார்ட்டூன் புலி காணாமல் போனது. இத்தகைய உணவைக் குழந்தைகளுக்கு விளம்பரம் செய்வதும், அதோடு பொம்மை கொடுப்பதும் தடையாயின. முதல் ஒன்றரை ஆண்டில், முத்திரை விழும் அளவுக்கு இனிப்பான பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. முத்திரைக்கும் விளம்பரத் தடைக்கும் இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே வந்தன.

பிரிட்டனும் 2026 ஜனவரியிலிருந்து இத்தகைய உணவுகளின் விளம்பரத்தை இரவு 9 மணிக்கு முன் டிவியில் காட்டத் தடை விதித்திருக்கிறது. இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு எந்த நேரமும் தடை. ஆனால் குறிப்பிட்ட பண்டம் எதையும் அடையாளம் காட்டாமல், நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் காட்டலாம் என்று விலக்கு அளித்திருக்கிறது. ராபின்சனின் மேசையில் கேரட்டை ருசியாக்கிய தாளிலும் அவை மட்டும்தான் இருந்தன.