அப்பாவின் ஜீப்பைப் பிரிக்கக் கொடுப்பதற்கு முன்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பல வீடுகளில், ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்கும். தாத்தா வாங்கிய மஹிந்திரா ஜீப்பாக இருக்கும், அல்லது அம்பாசடர், பத்மினி. அபூர்வமாக, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பேரன் பெங்களூரில் வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் அதைப் புதுசாக்கிப் பார்க்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். மலையில் அந்த வேலைக்கு ஆள் குறைவு என்பதால், 'இந்த மாடலில் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயரெடுத்த பட்டறை ஒன்றைக் கீழே தேடிப் பிடித்து வண்டியை இறக்கிவிடுவார்கள்.

நான் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்துச் சேதத்தைக் கணக்கிடுவது என் தொழில். பட்டறையோடு சண்டை முற்றிய பிறகு, "ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க சார்" என்று கூப்பிடுகிறவர்களுக்காகவும் போவதுண்டு. போய்ப் பார்த்தால் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். பாடி மரக்கட்டைமேல் நிற்கும். எஞ்சின் லேத்தில் இருப்பதாகச் சொல்வார்கள், எந்த லேத் என்று கேட்டால் பதில் வராது. சீட் மாடியில். குரோம் பட்டைகளும் கைப்பிடிகளும் ஒரு சாக்கில். அந்தச் சாக்கில் பாதி வேறு யாருடைய வண்டியுடையதோ.

பட்டறைக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் பிழைப்பின் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். கிளட்ச் மாற்றவோ பம்பர் நிமிர்த்தவோ வரும் வண்டி சாயங்காலமே காசாகிவிடும். உங்கள் வண்டி மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் வேறொருவர் வண்டிக்குப் பெயின்ட் வாங்கவும் சனிக்கிழமைக் கூலிக்கும் போயிருக்கும். உங்கள் வண்டியைத் தொட வேண்டுமென்றால் அடுத்த பழைய வண்டிக்காரர் அட்வான்ஸ் தர வேண்டும். வேலை கைக்கு வர வேண்டுமே என்று எஸ்டிமேட்டைக் குறைத்துச் சொல்லியிருப்பார். பிரித்த பிறகு துருவைப் பார்த்ததும் நஷ்டம் என்று தெரிந்துவிடும். நஷ்டமான வேலையை யாரும் முதலில் எடுப்பதில்லை, மூலைக்குத் தள்ளுவார்கள்.

ஆகவே வண்டி பிரிக்கப்படும் நாள்தான் முக்கியமான நாள். அதற்கு முந்தின நாள்வரை, பிடிக்கவில்லையென்றால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டாவது வந்துவிடலாம். மறுநாளிலிருந்து நீங்கள் கேட்பவர், அவர் சொல்பவர். பேச வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே பேசி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்கிற ஸ்பெஷலிஸ்ட் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். "நம்ம பையன்தான், வார்த்தையே போதும்" என்று சிபாரிசு செய்கிற உறவினர் பின்னால் போனை எடுக்க மாட்டார்.

எழுதும்போது தொகையைவிடக் கட்டங்களைக் கவனியுங்கள். பிரித்து, பாகங்களைப் பட்டியலிட்டுப் படமெடுப்பது ஒரு கட்டம். தகடு வேலை அடுத்தது. பிறகு பெயின்ட், எஞ்சின்-கியர்பாக்ஸ், வயரிங், கோர்ப்பு. ஒரு கட்டம் முடிந்ததை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் பணம். விலை கூடிய பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுத்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும் என்பதையும் சேருங்கள். உபயோகமில்லை என்று அவர் சொல்லும் ஹெரால்டு கைப்பிடி ஒன்று, பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் என்ன விலைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

ஒரிஜினல் ஆர்.சி.யைப் பட்டறையில் விடாதீர்கள், நகல் போதும். "ஆர்.டி.ஓ. வேலை இருக்கு" என்று படிவம் 29, 30-இல் கையெழுத்து கேட்டால் போடவே கூடாது. அவை உரிமை மாற்றத்துக்கான படிவங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் வண்டியை எழுதிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி வேலையின் தரம். நான் அதிகம் பார்ப்பது பட்டியை, அதாவது ஓட்டையை மூடப் பூசும் பசையை. தகட்டின் ஓட்டையை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது நாள்கணக்கில் ஆகும் டிங்கர் வேலை. அந்தத் துருவின்மேல் வலையை ஒட்டி, பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஓரிரு நாளில் கண்ணாடிபோல ஆகிவிடும். கீழே வெயிலில் நிற்கும் வண்டி என்றால் இந்தப் பொய் சில வருடம் தாங்கும். இங்கே தாங்காது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அது ஓய்ந்த பிறகும் பனியும் மூட்டமும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு பெருகும். ஐப்பசியில் வந்த வண்டி தை பிறப்பதற்குள் கதவின் கீழ் ஓரத்தில் கொப்பளம் காட்டும்.

சோதிக்க எளிய வழி காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டும் மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, காலடி ஓரம், டிக்கித் தரை என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. எங்களிடம் பெயின்ட் கனம் காட்டும் மீட்டர் உண்டு. கம்பெனி பெயின்ட் பொதுவாக 200 மைக்ரானைத் தாண்டாது. மீட்டர் ஆயிரத்தைத் தாண்டினால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஆனால் இதெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு செய்யும் பிரேதப் பரிசோதனை. தகடு வேலை முடிந்து பிரைமர் அடிப்பதற்கு முன், வெறும் இரும்பாக நிற்கும் வண்டியை நேரில் போய்ப் பாருங்கள். மற்ற எந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள். வாட்ஸ்அப் படத்தில் எல்லா வண்டியும் அழகு.

இரண்டாவது, எஞ்சின். ஜீப் என்றால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சினுக்கு சாமான் கிடைக்காதுங்க. நல்ல டீசல் எஞ்சின் ஒண்ணு இருக்கு, போட்டுடலாம். மைலேஜும் கிடைக்கும்." கேட்க நன்றாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எரிபொருளே மாறுகிறதென்றால் அனுமதி வாங்காமல் தொடவே கூடாது. விபத்து கிளெய்மில் நான் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும். ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால் ரிப்போர்ட்டில் எழுதியாக வேண்டும், எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன முடிவெடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்றால் இன்னொரு இழப்பும் உண்டு. 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதிகள் அத்தகைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் எஞ்சின் ஏறிய ஜீப்புக்கு அந்தக் கதவு மூடிவிடும். கழற்றிய எஞ்சினும் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும். தினமும் தோட்டத்துக்கு ஓட்ட ஆசைப்படுபவர் வின்டேஜ் பதிவை நாடாமல் இருப்பதே நல்லது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் அதில் சாலையில் ஓட்ட இடமுண்டு. அவர்களுக்குச் சாதாரண ஆர்.சி.யே போதும். 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வர வேண்டும். வண்டி பட்டறையில் தூங்கும்போது இந்தத் தேதியும் சேர்ந்து தூங்கிவிடுகிறது.

எனக்கு உண்மையில் பயம் தருவது பிரேக். வீட்டுக்காரர் படமெடுத்து எல்லோருக்கும் காட்டப்போவது பெயின்டையும் சீட்டையும் என்று பட்டறைக்குத் தெரியும். காசு அங்கே போய்விடும். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் ஆகியவை பழையபடியே இருக்கும், 'ஓவர்ஹால் செய்தது' என்று பில்லில் ஒரு வரியோடு. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கோவையில் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் இறக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் வளைவுகள் 36. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டாட் 3 ரகத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரமேறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். சூடேறிய டிரம் அதைக் கொதிக்க வைத்தால் குழாயில் ஆவிதான் இருக்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. குன்னூர் பாதையில் பர்லியாறுக்கு மேலேயே கருகல் வாடை வருகிறதென்றால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். மாற்றிய பழைய ரப்பரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பட்டறையின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். "கோயம்புத்தூர்ல சும்மா பறந்துச்சு, இங்க வந்ததும் கரும்புகை, ஐடில்ல நிக்கல, ஏமாத்திட்டான் சார்" என்ற புகார் எனக்கு அடிக்கடி வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,240. இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த பெட்ரோலையே கொடுக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும், தீப்பொறி டைமிங்கையும் பார்க்க வேண்டும். தண்ணீர்கூட ஊட்டியில் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கீழே ஒழுங்காக ஓடிய வண்டி இங்கே கொதிக்கும். ஆகவே 'மலை ஏற்றி ஓட்டிப் பார்த்து, கடைசி டியூனிங் வீட்டில்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கடைசித் தவணையை அதுவரை பிடித்து வையுங்கள். நேர்மையான மெக்கானிக் இதைச் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். அவருக்கும் ஊட்டிக்கு ஒரு நாள் வந்த மாதிரி.

வண்டி பட்டறையில் இருக்கும் காலத்தில் பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடுகிறார்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று கேட்பார்கள். பட்டறையில் வெல்டிங்கும் தின்னரும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு, கம்பெனியிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது, "காசு குடுத்தாத்தான் வண்டினு சொல்றான், அப்படி வெச்சுக்க முடியுமா?" என்பது. ஓரளவு முடியும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் பேசிய நோக்கத்துக்கு ஏற்ப உழைப்போ திறமையோ செலுத்தியவர், தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். வைரம் பட்டை தீட்டுகிறவரைத்தான் சட்டம் உதாரணம் காட்டுகிறது. கூலி பின்னால் தருவதாக முன்பே பேசியிருந்தால் அந்த உரிமை இல்லை என்பதற்குத் தையல்காரரை. செய்த வேலைக்கான கூலிதான் இங்கே கணக்கு. ஒப்பந்தத்தில் இல்லாமல் திடீரென்று முளைக்கும் 'வண்டி நிறுத்திவைத்த கட்டணம்' அதில் சேராது. கட்டம் கட்டமாகக் காசு கொடுத்து ரசீது வாங்கியவரிடம் பிடித்து வைக்க எதுவும் மிச்சமிருக்காது.

சத்தம் போடப் போகாதீர்கள். ஒரு நண்பரோடு போய், இருக்கிற பாகங்களைப் படமெடுத்துப் பட்டியல் போடுங்கள். என்ன வேலை பாக்கி, எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டறை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நீலகிரியிலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நம்மவர்கள் "அடுத்த மாசம் தர்றேன்னு சொல்லியிருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே அந்த இரண்டு வருடத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

பேசி முடித்து, பாதி வேலையோடு வண்டியை எடுத்துவருவதென்று முடிவானால், பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொரு பாகமாகச் சரிபார்த்து ஏற்றுங்கள். எஞ்சின் எண்ணை விளக்கடித்துப் பாருங்கள். கண்ணாடிகளை வண்டியோடு சேர்த்து ஏற்றாமல் தனியாகக் கொண்டுவாருங்கள். வெளி மாவட்ட ரெக்கவரி வண்டியானால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் தேவையா என்று முன்னாடியே கேட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம். சீசன் நெரிசலில், ஒருவழிப் பாதையில், கட்டிய கயிறு தளர்ந்தால் நிறுத்தி இறுக்கக்கூட இடம் கிடைக்காது.